விடியற்காலையில் ஏழு தாங்காது

புதுப்பட்டினம்,
பிப்ரவரி 9.

மகன் கிருபாகரனுக்கு அப்பா ஞானதாஸ் எழுதுவது.

கர்த்தருடைய தயவால் உயிரோடு இருக்கிறோம். நலமா என்று நீ கேட்கப்போவதில்லை, நானும் அதற்குப் பதில் எழுதப்போவதில்லை. உன் அம்மா ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள். ராத்திரிச் சோற்றில் உனக்கென்று ஒரு பங்கு எடுத்து மூடி வைத்து, காலையில் அதைத் தெருநாய்க்குப் போடுகிறாள். இதைத் தெரிந்துகொள்.

உன் விலாசத்தைச் சிநேகாவிடம் கெஞ்சித்தான் வாங்கினேன். பெற்ற மகளிடம் என்னைக் கெஞ்ச வைத்துவிட்டாய். போன ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் டூட்டியை முடித்துவிட்டு வந்தாள். "விலாசம் வோணும்னா எழுதிக்கோப்பா, நம்பர் மட்டும் கேக்காத, அண்ணன் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிகீது" என்றாள். குஜராத்தில் பூஜ் என்று ஓர் ஊராம், காற்றாலைக் கம்பெனியாம். வயர் வேலை செய்யப் புதுப்பட்டினத்திலிருந்து அங்கேதான் போக வேண்டுமா? கல்பாக்கத்தைச் சுற்றி இல்லாத வேலையா? நீ வேலைக்குப் போகவில்லை, என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போயிருக்கிறாய். அது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

ஊர்ச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. புயலில் பறந்த ஷீட்டை மாற்றிவிட்டேன். அடுத்த வீட்டு முனிசாமி மீன் லாரிக்குப் புது டயர் போட்டிருக்கிறான். தெருவில் பார்த்தால் பேசுகிறான், வீட்டுக்குள் மட்டும் வருவதில்லை. செய்யூருக்குப் போய் அத்தையின் கல்லறைக்குச் சிமெண்ட் பூசிவிட்டு வந்தேன். செங்கம்மாள் என்று பெயர் எழுதியாகிவிட்டது. அவள் பிறந்த வருஷம் ஒருவருக்கும் தெரியவில்லை, கூடப்பிறந்த தம்பி எனக்கே தெரியவில்லை. அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். அவளுடைய ஆடுகள் இரண்டும் பக்கத்து வீட்டுப் பொன்னியிடம் இருக்கின்றன.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் இரண்டாம் தேதி காலையில் என்ன நடந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் பேச்சை மாற்றக்கூடாது பார்.

புயல் மழையில் செல்போன் டவரெல்லாம் படுத்துவிட்டது. கரண்ட் கிடையாது. அத்தையை அழைத்துவரப் போன நீ, அவளோடு செய்யூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூட முகாமில் மாட்டிக்கொண்டாய். உன்னிடம் உன்னுடைய சின்ன ஹாம் ரேடியோ செட்டும் ஒரு பேட்டரியும். இங்கே என் மேஜையில் என்னுடைய செட். நல்லவேளை, அப்பனும் மகனும் லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கிறோம் என்று அப்போது நினைத்தேன். முதல் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு ஏழு மெகாஹெர்ட்ஸில் பேசினோம். முப்பத்தைந்து கிலோமீட்டர், அடுத்த அறையில் நின்று பேசுவது போல் கேட்டது. அத்தைக்கு இழுப்பு அதிகம், இருக்கிற மருந்து காலை வரை தாங்கும், விடியற்காலை ஐந்து மணிக்கு நிலைமை சொல்கிறேன் என்றாய். மோசமானால் முனிசாமி லாரி மதுராந்தகத்தைச் சுற்றிக்கொண்டு உங்களிடம் வர வேண்டும். இல்லையென்றால் அவன் சதுரங்கப்பட்டினம் குப்பத்து ஜனங்களை ஏற்றப் போக வேண்டும். இதுதானே பேச்சு?

நான் நாலரைக்கே செட் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். லாரி வாசலில் நின்றது. தெரிந்த கிளினிக்கில் கேட்டு வாங்கிய ஆக்சிஜன் சிலிண்டர் அதில் ஏறியிருந்தது. ஐந்து மணியிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். நானும் விடாமல் கூப்பிட்டேன். வெறும் இரைச்சல். நடுவில் எவனோ இந்தோனேசியாக்காரன் யாரோடோ பேசிச் சிரித்தான். நீ இல்லை. முனிசாமி ஜன்னலில் தலையை விட்டு, "இன்னா அண்ணாத்த, நிக்கட்டுமா போவட்டுமா? அங்க குப்பத்துல தண்ணி ஏறிக்கினு கீது" என்றான். கூப்பிடவில்லை என்றால் தேவையில்லை என்றுதான் அர்த்தம், நீ போ என்று ஐந்தரைக்கு நான்தான் சொன்னேன். பேட்டரி வீணாகக்கூடாது என்று செட்டையும் அணைத்தேன். எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு என் அக்கா போய்விட்டாள்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லார் முன்னாலும் "இவன் தூங்கிட்டான், அதான் அவ போய்ட்டா" என்று நான் கத்தியது தப்பு என்கிறாள் உன் அம்மா. கத்திய இடம் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். சொன்னது தப்பில்லை. இரண்டு ராத்திரி கண் மூடாதவன் அசந்து தூங்கினால் அது கொலைக்குற்றமா? இல்லையே. ஆனால் கூப்பிட்டேன், கூப்பிட்டேன் என்று நின்று சாதித்தாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரே ஒரு வரி எழுது. தூங்கிவிட்டேன் அப்பா என்று எழுது. அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். நீ பாட்டுக்கு வீட்டுக்கு வரலாம்.

உன் செட் நீ வைத்துவிட்டுப் போன இடத்திலேயே, என் மேஜை ஓரத்தில், கம்பிச் சுருளோடு இருக்கிறது. நான் தொடவில்லை.

ஆண்டவர் உன் வாயில் உண்மையை வைப்பாராக.

ஞானதாஸ்.


புதுப்பட்டினம்,
ஆகஸ்ட் 24.

கிருபாகரனுக்கு,

ஆறு மாதமாகியும் என் கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால்காரர் மேல் பழி போடலாம் என்று பார்த்தேன். சிநேகா, "கடிதாசி வந்துச்சாம்ப்பா, அண்ணன் படிச்சுச்சாம்" என்று சொல்லிவிட்டாள். படித்துவிட்டு எழுதாதவனுக்கு இன்னும் ஒன்று எழுதுகிறேன், வெட்கம் கெட்டுப்போய்.

சிநேகாவுக்குச் செய்யாறிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல பையன், லேப்பில் வேலை. பெண்ணுக்கு அண்ணன் உண்டாமே, எங்கே என்று கேட்டார்கள். வடக்கே வேலை என்றேன். கல்யாணத்துக்கு வருவாரா என்று அந்தப் பையனின் அம்மா கேட்டார். உன் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அண்ணன் வராமல் எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று சிநேகா அவர்கள் காதில் விழும்படியே சொன்னாள். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

இப்போது எதற்கு எழுதுகிறேன் என்று சொல்கிறேன். போன வாரம் உன் பெயருக்கு ஒரு கவர் வந்தது. ஹாம்காரர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டதற்கு அத்தாட்சியாக அட்டை அனுப்பிக்கொள்கிறீர்களே, அந்த அட்டை. அந்தப் பழக்கமே எனக்குக் கிடையாது. கேட்டால் கேட்டது, அதற்கு எதற்குத் தபால் செலவு? நீதான் அலமாரி முழுக்க ஒட்டி வைத்திருப்பாய். ஊர் ஊராகச் சேர்த்துக் கட்டுக் கட்டி அனுப்புவதால் எட்டு மாதம் கழித்து வந்திருக்கிறது. அனுப்பியவர் ஜபல்பூர்க்காரர். பின்பக்கம் பூராவும் இந்தியில் பொடி எழுத்தாக ஏதோ எழுதியிருக்கிறார், எனக்குப் படிக்கத் தெரியாது. முன்பக்கத்தில் எண்கள் எனக்குத் தெரியும்.

உன் அழைப்புக்குறி. ஏழு மெகாஹெர்ட்ஸ். தேதி டிசம்பர் 1. நேரம் 23.31.

ராத்திரி பதினொன்றரை மணிக்கு நீ ஜபல்பூர்க்காரருக்குக் கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்திருக்கிறாய்! அத்தை பக்கத்தில் படுத்து மூச்சுக்குத் திணறும்போது உனக்கு அட்டை சேர்க்கிற ஆசை. பேட்டரியும் போச்சு, தூக்கமும் போச்சு. ஐந்து மணிக்கு எப்படி எழுந்திருப்பாய்? எழுந்திருந்தாலும் பேட்டரியில் என்ன மிஞ்சியிருக்கும்?

நான் யூகித்ததற்குக் கையில் ஆதாரம் வந்துவிட்டது. சந்தோஷமா என்று கேட்டால் இல்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அழுதேன், போ. உன் அம்மாவிடம் காட்டினேன். அவள் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "என் புள்ள அப்டி பண்ணாது" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போனாள். பெற்றவளுக்குக் கண் மறைக்கிறது, எனக்கு மறைக்கவில்லை.

நீ எழுதாவிட்டாலும் நான் உன்னை மன்னித்துவிட்டேன். டிசம்பரில் அத்தையின் வருஷ ஜெபத்துக்காவது வந்து சேர்.

ஞானதாஸ்.


புதுப்பட்டினம்,
செப்டம்பர் 21.

என் கிருபாவுக்கு,

போன கடிதத்தை நீ இன்னும் வைத்திருந்தால் கிழித்துப் போடு. பிப்ரவரியில் எழுதினதையும் கிழித்துவிடு. இதை மட்டும் வைத்துக்கொள். நாளைக்கு யாராவது கேட்டால் என் அப்பன் எழுதிக்கொடுத்தது என்று இதைக் காட்டு.

முந்தாநாள் அணுபுரத்தில் ஹரிஹரன் சாரைப் பார்க்கப் போனேன். நம் ஹாம் கூட்டத்துக்கு வருவாரே, இருபது வருஷம் வடக்கே வேலை பார்த்தவர், அவர்தான். அட்டையின் பின்பக்கத்து இந்தியைப் படித்துச் சொல்லச் சொன்னேன். உனக்கு எதிராக இன்னும் ஒரு சாட்சி கிடைக்கும் என்றுதான் போனேன். மறைக்கவில்லை, அந்தப் புத்தியோடுதான் பஸ் ஏறினேன்.

அவர் முதலில் முன்பக்கத்தைப் பார்த்தார். ராத்திரி பதினொன்றரைக்கு என்ன அரட்டை பாருங்கள் சார் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி நிமிர்ந்து பார்த்தார். "ஞானதாஸ், அட்டையில நம்ம நேரமா போடுவாங்க? உலக நேரம்பா. அஞ்சரை மணி கூட்டிப் பாருங்க" என்றார்.

கூட்டினேன். 23.31-க்கு மேல் ஐந்தரை மணி. டிசம்பர் இரண்டாம் தேதி, விடியற்காலை ஐந்து மணி ஒரு நிமிஷம்.

என் மேஜையில் இரண்டு கடிகாரம் மாட்டிக் கொடுத்தவன் நீ. ஒன்றின் கீழே உலக நேரம் என்று உன் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறது. தினம் அதன் கீழேதான் உட்காருகிறேன். அட்டையைப் பார்த்தபோது நிமிர்ந்து அதைப் பார்க்கத் தோன்றவில்லை. உன்மேல் பழி இருக்க வேண்டும் என்று மனசு தேடிக்கொண்டே இருந்ததடா, கிடைத்ததும் பிடித்துக்கொண்டது.

பிறகு அவர் பின்பக்கத்தைப் படித்தார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். அதை அப்படியே கீழே எழுதுகிறேன்.

"நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். என்னிடம் கேட்கும் பெட்டி மட்டுமே உண்டு, பேசும் கருவி கிடையாது. அன்று உங்கள் குரல் மிகத் தெளிவாகக் கேட்டது. நீங்கள் அழைத்த நிலையமும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் அழைத்துக்கொண்டே இருந்தீர்கள், ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கவில்லை என்று புரிந்தது. என்னால் குறுக்கே பேச முடியவில்லை. 23.58-க்கு அந்த நிலையம் நிறுத்திவிட்டது. நீங்கள் 00.20 வரை அழைத்தீர்கள். எனக்குத் தமிழ் தெரியாது. கடைசியில் அழைப்புக்குறியை விட்டுவிட்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். கேட்டபடி எழுதுகிறேன்: அப்பா, அப்பா. அது ஏதாவது அவசரமாக இருந்தால், பிறகு எல்லாம் சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன்."

ஹரிஹரன் சார் அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் மனைவி தண்ணீர் கொண்டு வந்தார். எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. பஸ்ஸில் சில்லறையை மறந்துவிட்டேன் போலிருக்கிறது, கண்டக்டர் தெருமுனை வரை கத்தினார்.

ரேடியோவில் பேசும்போது உறவு சொல்லிக் கூப்பிடக்கூடாது, குறியைத்தான் சொல்ல வேண்டும் என்று என்னைத் திட்டுவாயே. அந்த ஒழுங்கை நீயே விட்டுவிட்டுக் கூப்பிட்டிருக்கிறாய். நான் நாலு மாநிலம் தாண்டி உட்கார்ந்திருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். முப்பத்தைந்து கிலோமீட்டரில் இருந்தேன்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். அட்டை வராமலே எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது இது. முதல் கடிதத்தில் நான் வேண்டுமென்றே விட்டது இது.

முதல் தேதி சாயங்காலம் பேசி முடிக்கும்போது நீ சொன்னாய். "அப்பா, விடியக்காலைல ஏழு தாங்காது. மூணரை மெகாஹெர்ட்ஸுக்கு வந்துடு. அந்த ஆன்டெனாவுக்கு நீளக் கம்பி கட்டிடு" என்றாய். தெளிவாகச் சொன்னாய், இரண்டு தடவை சொன்னாய். நான் என்ன சொன்னேன்? இப்போது காது கிழிகிற மாதிரி கேட்கிறது, காலையில் மட்டும் எங்கே போய்விடும்? நாற்பது வருஷம் ஒயர்மேன் வேலை பார்த்தவன் மழையில் கம்பியில் கை வைக்கமாட்டான், ஏழிலேயே நில் என்றேன். நீ சரிப்பா என்றாய். அந்தச் சரியைச் சொல்லுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமினாய். அதுவும் எனக்கு நினைவிருக்கிறது.

மழையில் கம்பி தொடக்கூடாது என்பது நல்ல சாக்கு. ஊரே கரண்ட் இல்லாமல் இருட்டில் கிடந்ததே, எந்தக் கம்பி என்னைப் பிடித்திருக்கும்? உண்மை அது இல்லை. இந்த ரேடியோ வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் நீ. பரீட்சைக்குக்கூட நீதான் என்னை உட்கார வைத்துப் படிக்க வைத்தாய். ஒயரில் நான் உனக்கு வாத்தியார், இதில் நீ எனக்கு வாத்தியார். மகன் சொல்லி அப்பன் மொட்டை மாடி ஏறுவதா என்று ஒரு வீம்பு. அவ்வளவுதான் கிருபா. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நேற்று உன் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு முழுதாகப் படித்தேன். முன்பு பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணியதை இப்போதுதான் புரிந்துகொண்டேன். சரியா என்று பார்.

மேலே முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலம் இருக்கிறது. நேர் மேலே விட்ட அலையை அது திருப்பி அனுப்ப ஓர் எல்லை உண்டு. அதற்கு நீ மாறுநிலை அதிர்வெண் என்று எழுதியிருக்கிறாய். அந்த எல்லைக்குக் கீழே இருந்தால் அலை பக்கத்து ஊரிலேயே வந்து இறங்கும். மேலே போனால் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். மண்டலத்துக்குச் சோறு போடுவது சூரியன். சாயங்காலம் வரை நன்றாகத் தின்று கொழுத்திருக்கும், அப்போது ஏழு தாராளமாகத் திரும்பும். ராத்திரி முழுக்கப் பட்டினி. விடிவதற்குச் சற்று முன்னால்தான் இருப்பதிலேயே மெலிந்துபோயிருக்கும். ஹரிஹரன் சார் கணினியில் அன்றைய கணக்கைத் தேடிக் காட்டினார். அன்று ஐந்து மணிக்கு எல்லை நாலுக்குச் சற்று மேலே. நாம் ஏழில் நின்றோம்.

சாய்வாகப் போகிற அலைக்கு எல்லை அதிகம். எத்தனை சாய்வோ அத்தனை அதிகம். அதற்குப் பெயர் உச்சப் பயன்பாட்டு அதிர்வெண். ஜபல்பூர் தூரத்துச் சாய்வுக்கு அன்று அது ஒன்பது. அதனால் நம் ஏழு உன் தலைக்கும் என் தலைக்கும் மேலே தாவி அந்த வாத்தியார் வீட்டில் போய் விழுந்தது. நடுவில் இருக்கிறவனுக்கு ஒன்றும் கிடைக்காத வட்டத்தைத் தாவல் தூரம் என்று எழுதி, அதன் உள்ளே புதுப்பட்டினம், செய்யூர் என்று நீயே புள்ளி வைத்திருக்கிறாய். பக்கத்தின் மேலே போன வருஷம், புயலுக்கு முந்தின தேதி இருக்கிறது.

எல்லையை ஒட்டி நிற்கக்கூடாது, நூற்றுக்கு எண்பத்தைந்தில் நிற்க வேண்டும், அதுதான் உகந்தது என்று அடிக்கோடு போட்டிருக்கிறாய். நாலுக்குச் சற்று மேலே இருப்பதில் நூற்றுக்கு எண்பத்தைந்து என்றால் மூணரை. நீ சொன்ன அதே மூணரை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். சூரியன் ஏறினதும் எல்லை மளமளவென்று ஏறும். ஆறே முக்காலுக்கு ஏழு திறந்திருக்கும் என்கிறார் சார். ஏழு மணிக்கும் கூப்பிட்டேன் என்று நீ கல்லறைத் தோட்டத்தில் சொன்னாய். அப்போது என் செட் அணைந்திருந்தது. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கே லாரி கிளம்பியிருந்தால் ஏழே காலுக்கு ஆக்சிஜனோடு உங்களிடம் வந்திருக்கும். அக்காவுக்கு எட்டு பத்து வரை மூச்சு இருந்தது. இதைத் தினம் போட்டுப் பார்க்கிறேன். எப்படிப் போட்டாலும் ஐம்பத்தைந்து நிமிஷம் மிஞ்சுகிறது.

நேற்று மதியம் அந்த நீளக் கம்பியை மொட்டை மாடியில் கட்டினேன். இந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி, அந்தப் பக்கம் முனிசாமி வீட்டுத் தென்னை. மொத்தம் முப்பத்தைந்து நிமிஷம்தான் ஆயிற்று. மழையில் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கட்டிவிட்டுத் தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா மேலே வந்து பார்த்தாள். அவளிடம் எல்லாம் சொன்னேன், நீ மூணரை சொன்னதையும் சேர்த்து. திட்டுவாள் என்று நினைத்தேன். "அவன் கூப்ட்டான்னு எனக்கு அப்பவே தெரியும்யா. உனக்குத்தான் தெரில" என்று சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

இன்று ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயரிடம் அனுமதி கேட்டு முன்னால் போய் நின்றேன். கல்லறைத் தோட்டத்தில் அன்று இருந்தவர்கள் பாதிப் பேர் இருந்தார்கள். ஹரிஹரன் சார் தமிழில் சொன்னதை வாசித்தேன். என் மகன் தூங்கவில்லை, ஐம்பது நிமிஷம் கூப்பிட்டிருக்கிறான், மூணரைக்கு வா என்று முன்னாலேயே சொன்னான், நான்தான் கேட்கவில்லை என்று சொன்னேன். வெளியே லாரியை நிறுத்திக்கொண்டு முனிசாமி நின்றான். யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வீடு வரை கூடவே வந்தான். பத்து மாசத்துக்குப் பிறகு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "நீ போன்னு சொன்ன, நானும் போய்ட்டேன் அண்ணாத்த. அந்தப் புள்ள வாய் வலிக்கக் கூப்ட்டுக்கினு இருந்துருக்குது" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். குப்பத்தில் அன்று அவன் ஏற்றி வந்தது நாற்பது பேர். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று நான் சொன்னேன். அவன் அதையே திருப்பி எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

ஜபல்பூர் ஆசிரியருக்கு ஹரிஹரன் சாரை விட்டு ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் சரியாகியிருக்கும் என்று நம்புகிறாரே, என்ன எழுதுவது என்று சார் கேட்டார். நன்றி என்று மட்டும் எழுதுங்கள் என்றேன்.

உன் செட்டை இன்று பார்சல் கட்டிவிட்டேன். பழைய போர்வையில் சுற்றி, உள்ளே அட்டையையும் உன் நோட்டையும் வைத்திருக்கிறேன். கம்பிச் சுருளைப் பிரித்து ஒரு முனையில் துரு சுரண்டி ஈயம் வைத்தேன். கடிதம் வந்து நாலைந்து நாளில் பார்சல் வரும். வீட்டுக்கு வா என்று எழுத எனக்கு இப்போது வாய் இல்லை. சிநேகா கேட்பாள், அம்மா கேட்பாள். அவர்களுக்காக வா. அத்தையின் வருஷ ஜெபம் டிசம்பர் இரண்டு.

எனக்காக ஒன்றே ஒன்று கேட்கிறேன். பூஜ் இங்கிருந்து ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் என்று பார்த்தேன். அந்தத் தூரத்துக்குப் பகலில் ஏழு ஆகாது. கீழ் அடுக்கு அதை விழுங்கிவிடும், அந்தத் தாழ்ந்த எல்லைக்கும் நீ ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். உச்சம் இருபதைத் தாண்டும். பதினாலு பத்திரம். தப்பென்றால் நீ எந்த எண்ணைச் சொல்கிறாயோ அதில் நிற்கிறேன், எதிர்க்கேள்வி கேட்கமாட்டேன். ஞாயிறுதோறும் காலை ஆராதனைக்குப் போகுமுன் எட்டு மணியிலிருந்து ஒன்பது வரை பதினாலில் உட்கார்ந்திருப்பேன். நீ பேச வேண்டாம். குறி சொல்ல வேண்டாம். மைக்கை அழுத்தித் தொண்டையைச் செருமினால் போதும், எனக்குத் தெரியும்.

அப்படியும் ஒன்றும் காதில் விழாவிட்டால் அடுத்த ஞாயிறும் உட்காருவேன். எனக்குக் கேட்கவில்லை என்பதற்காக என் மகன் கூப்பிடவில்லை என்று இனி ஒருநாளும் யாரிடமும் சொல்லமாட்டேன்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.

அப்பா.